கூலியும் கொடையும்

1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தது கதர் நிதி திரட்ட. வந்த இடத்தில் மாளிகைகளுக்குள் கிடந்த மேசை நாற்காலிகளைப் பார்த்தவர், அவற்றைப் பற்றியும் மேடையில் பேசினார். உங்கள் வீடுகளை வெளிநாட்டுச் சாமான்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, இந்த மண்ணின் வெயிலுக்கும் காற்றுக்கும் அவை ஒத்துவராது என்றார். இந்த மாளிகைகளுக்கெல்லாம் சாமான் செய்துபோடும் ஒப்பந்தத்தை என்னிடம் கொடுங்கள், நீங்கள் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கில் இதைவிட வசதியாகவும் அழகாகவும் முடித்துத் தருகிறேன், நாட்டின் கலைஞர்களிடம் நற்சான்றும் வாங்கிவிடுவேன் என்பது அவர் பேச்சின் சாரம். நிதி கொடுக்க வந்தவர்களிடமே இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

அந்த ஒப்பந்தம் அவர் கைக்கு வந்திருந்தால் வேலை யாரிடம் போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மதுரையிலும் இருந்த ஆசாரிமார்களிடம்தான் போயிருக்கும். அதே வீடுகளின் வாசல் நிலையையும் கதவையும் பர்மாத் தேக்கில் செதுக்கிக் கொடுத்தது அவர்கள் கைதான். வாசலை உள்ளூர்க் கையை நம்பி ஒப்படைத்தவர்கள், கூடத்தில் போடும் நாற்காலிக்கு மட்டும் கடல் கடந்து போனார்கள்.

காந்தியின் பயணங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஊர் ஊராக வரவேற்புப் பத்திரம் வாசித்து, அதைச் சட்டமிட்டோ பேழையில் வைத்தோ அவரிடம் கொடுப்பார்கள். அவர் அதைக் கூட்டத்திலேயே ஏலம் விட்டு, வந்த பணத்தை நிதியில் சேர்த்துவிடுவார். தீண்டாமை ஒழிப்புக்காக 1933 நவம்பரில் தொடங்கிய அரிசனப் பயணத்திலும் இது நடந்தது. 1934 தொடக்கத்தில் அந்தப் பயணம் தமிழ்நாட்டைச் சுற்றியது. ஏலம் கேட்டவர்கள் மரத்துக்கோ வெள்ளிக்கோ விலை சொல்லவில்லை. அவர் கையில் இருந்து வந்தது என்பதற்கும், பணம் போய்ச் சேரும் இடத்துக்கும் விலை சொன்னார்கள். தர்மத்துக்காக விடும் ஏலம் எல்லாவற்றிலும் கணக்கு இப்படித்தான். பொருள் யார் கை பட்டது என்பதே விலையை ஏற்றுகிறது. அப்படியானால் அந்தப் பொருளைச் செய்த கைக்கு அந்தக் கணக்கில் என்ன இடம்? எனக்கு நெடுநாளாக இருக்கும் கேள்வி இது.

மதுரைச் சீமைக்கு இவ்வகை ஏலம் புதிதல்ல. கிராமக் கோயில் திருவிழா முடிந்ததும் சாமிக்குப் படைத்த எலுமிச்சம்பழத்தையும் தேங்காயையும் ஏலம் விடுவார்கள். கிறிஸ்தவ சபைகளில் அறுப்பின் பண்டிகை வரும். 1834இல் அமெரிக்கன் மதுரை மிஷன் வேலையைத் தொடங்கியதன் வழிவந்த சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கத்து ஆலயங்களில் பண்டிகை ஆராதனை முடிந்ததும் வளாகமே சந்தையாகிவிடும். முதல் விளைச்சல் என்று கொண்டுவந்த பூசணி, புடலை, சேவல், முட்டை, வீட்டில் சுட்ட கேக், பின்னிய கூடை எல்லாம் வரிசையில் நிற்கும். ‘ஒரு தரம்… ரெண்டு தரம்…’ என்று குரல் ஏற ஏற ஒற்றைத் தேங்காய் சில நூறு ரூபாயைத் தாண்டும். வாங்கியவர் அதையே திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. பணம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கோ ஆலயப் பணிக்கோ போகும். எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று அது. கொடுப்பதை இவ்வளவு கலகலப்பாகச் செய்கிற இடங்கள் குறைவு.

திருமங்கலம் பக்கத்துச் சபை ஒன்றில் ஓர் ஆசாரி வேப்பமரத்தில் செய்த முக்காலி ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தார். நான் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஓர் ஆணி இல்லை. மூன்று காலும் பலகையில் துளையிட்டு இறக்கி, மேலிருந்து ஆப்பு அடித்து, வழவழப்பாக இழைத்திருந்தது. ஏலம் கூறியவர், ‘நல்ல ஸ்டூலு, பாத்துக் கேளுங்க’ என்றார். அவ்வளவுதான். என்ன மரம், யார் செய்தது, எந்த ஊர் என்று எதுவும் சொல்லவில்லை. வாங்கியவர் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது, நோட்டிலும் ஏறியது. செய்தவர் வேப்பமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. ‘சாமிக்குக் குடுத்தது சார், பேரு எதுக்கு’ என்றார். அது அவருடைய பெருந்தன்மை. அதைச் சாக்காக வைத்து நாம் சும்மா இருந்துவிட முடியாது.

ஒரு மர வேலைக்குள் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்பது தெரிந்தால்தான் இந்த மௌனம் எத்தனை பெரிய குறை என்று புரியும். நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொள்வோம். நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் ஒரே காலில் வந்து சேர்கின்றன. இரண்டு துளையும் ஒரே மட்டத்தில் முழுதாக விழுந்தால் காலின் வயிறு கூடாகி, ஒருவர் புரண்டு படுத்ததும் பிளந்துவிடும். அதனால் ஒன்றைக் கொஞ்சம் மேலே, ஒன்றைக் கொஞ்சம் கீழே போட்டு இரண்டு நாக்குகளும் இடிக்காமல் இறக்குவார்கள். பிறகு கயிறு பின்னுகிறார்கள். கயிறு இழுக்க இழுக்கச் சட்டங்கள் காலை நோக்கி இன்னும் இறுகுகின்றன. படுப்பதற்கான பின்னலே கட்டிலைப் பூட்டி வைக்கும் விசையும் ஆகிறது. தொய்ந்துபோனால் கால்மாட்டில் உள்ள இழுகயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டினால் போதும். பசை, திருகாணி எதுவும் இல்லாமல் மூன்று தலைமுறை நிற்கும். சித்திரை வெயிலில் அடியிலும் காற்று ஓடும் படுக்கை. காந்தி கேட்ட ஒப்பந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதல் மாதிரி இருக்க முடியாது.

மேசைப் பலகையிலும் இதே அளவு யோசனை உண்டு. பங்குனி, சித்திரையில் மரம் வற்றிச் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து விரியும். அகலப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டி ஆணியடித்துப் பூட்டினால் ஓராண்டுக்குள் வெடித்துவிடும். விவரம் தெரிந்த ஆசாரி சட்டத்தில் காடி எடுத்துப் பலகையை அதற்குள் ஒட்டாமல் விட்டுவைப்பார். அது தன் போக்கில் விரிந்து சுருங்கிக்கொள்ளும். கதவுகளிலும் இதே முறைதான். கடையில் பளபளவென்று நிற்கும் மரத்தூள் பலகைச் சாமான்களில் ஒருமுறை தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிப் பொரிந்துவிடுவதை வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறோம்.

மரம் தேர்வது தனிக் கல்வி. வேம்பு கசப்பு, பூச்சி எளிதில் அண்டாது. பூவரசின் வைரம் கருஞ்சிவப்பாக இருக்கும், உளிக்கு இணங்கும், பாலிஷ் ஏறினால் கண்ணைப் பறிக்கும். மஞ்சணத்தி கனமில்லாதது, மாட்டின் கழுத்தை உறுத்தக் கூடாது என்று நுகத்தடிக்கு எடுப்பார்கள். நாட்டுக் கருவேல் கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும். வாகையும் மாவும் பலாவும் அந்தந்த வேலைக்கு. வெட்டிய மரத்தைக் கண்மாய்த் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து நிழலில் காயவைப்பார்கள். சாறு கரைந்துபோனால் வண்டு துளைப்பது குறையும். நான் பார்த்த பட்டறைகளில் பெரும்பாலானவற்றில் இன்று இதற்கு இடமும் இல்லை, காத்திருக்க ஆளும் இல்லை.

சீமைக்கருவேலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து தெற்கேயும் கிழக்கேயும் போகும் எந்தச் சாலையிலும் அதுதான் கண்ணில் படுகிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி 2017இல் ஆணையிட்டது. வெட்டியது பெரும்பாலும் கரிமூட்டத்துக்கும் அடுப்புக்கும் போகிறது. ஆனால் இந்த இனத்து மரங்களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியிலும் அர்ஜென்டினாவிலும் விலையுயர்ந்த மேசை நாற்காலிகள் செய்கிறார்கள். காய்ந்தபின் அதிகம் சுருங்காத, முறுக்காத கட்டை அது. நம் ஊரில் நேராகவும் பருமனாகவும் கிடைப்பது அரிது என்பது உண்மை. ஆனாலும் முக்காலிக்கும் மனைப்பலகைக்கும் சிறு பெட்டிக்கும் போதுமான துண்டுகள் கரியாகிக்கொண்டிருக்கின்றன. ஏதாவது ஒரு தர்ம ஏலம், முழுக்கச் சீமைக்கருவேலில் செய்த சாமான்களை வைத்து நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

செய்தவர் பெயர் இல்லாமல் போவது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குச் சண்டிகரைப் பார்க்கலாம். 1950களில் அந்த நகரம் எழுந்தபோது, அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்குச் சட்டமும் பிரம்புப் பின்னலுமாக நாற்காலிகளை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அவற்றோடு இன்று சேர்த்துச் சொல்லப்படும் பெயர் பியர் ஜான்னரே. நகரத்தைத் திட்டமிட்ட லெ கொர்பூசியேயின் உறவினர், உடன் உழைத்த கட்டடக் கலைஞர். பின்னாளில் பழசு என்று ஒதுக்கி மாடியிலும் முற்றத்திலும் குவித்து, காயலான் விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதே நாற்காலிகள் ஐரோப்பிய, அமெரிக்க ஏல அறைகளில் லட்சங்களுக்குப் போயின. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை விதித்தது. ஏலப் பட்டியல்களில் வடிவமைத்தவர் பெயர் பெரிதாக இருக்கும், நாற்காலி இருந்த அலுவலகத்தின் பெயர் இருக்கும். தேக்கை அறுத்து, இழைத்து, அந்தச் சாய்ந்த கால்களைக் கூட்டிய பஞ்சாபித் தச்சர்களின் பெயரைத் தேடினால் கிடைக்காது. இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் சீவலைப் போல அவர்களைப் பெருக்கித் தள்ளிவிட்டது வரலாறு.

இங்கே தர்ம ஏலம் நடத்துகிறவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடு நடத்துகிறவர்களே. கண் அறுவை சிகிச்சைக்கும், பெண்பிள்ளைகளின் படிப்புக்கும், முதியோர் இல்லத்துக்கும் பணம் வேண்டியிருக்கிறது. கைவினைஞர்கள் செய்த மரச் சாமானை ஏலத்துக்கு வைத்தால் கூட்டம் வரும், விலை ஏறும் என்பதும் தெரிந்ததே. நான் மாறுபடுவது ஓரிடத்தில். ‘நல்ல காரியம்தானே ஆசாரி, கூலி வேணாம்னு செஞ்சு குடுங்க’ என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் மாதச் சம்பளக்காரர். கேட்கப்படுகிறவருக்கு வேலை இருந்தால்தான் அன்றைக்கு அடுப்பு. இரண்டு வாரம் பட்டறையை அடைத்துப்போட்டு ஓர் ஊஞ்சலைச் செய்து கொடுக்கிறவர் கொடுத்தது இரண்டு வார வருமானம். ஏலத்தில் எடுத்தவர் கொடுத்தது தன் வருமானத்தில் ஒரு துளி. கையில் ஊஞ்சலும் மிஞ்சியது. இருவரில் யாருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்பதை மேடையில் பார்க்கலாம்.

ஒருவர் தானே மனமுவந்து கொண்டுவந்து வைப்பது காணிக்கை. அதைத் தலைவணங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். நாலு பேர் போய் நின்று, மறுக்க முடியாதபடி கேட்டு வாங்குவது அப்படி ஆகாது. இந்த வேறுபாடு மிக எளிது; ஆனால் நல்ல காரியம் என்ற பெயர் வந்ததும் முதலில் மறந்துபோவதும் இதுவே.

இதை யோசிக்கும்போதெல்லாம் ஜே.சி. குமரப்பா நினைவுக்கு வருகிறார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, வெளிநாட்டில் படித்து, 1934 இறுதியில் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். வாழ்வின் கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். ஒரு பொருளை வாங்குகிறவர் அந்தப் பொருள் பிறந்த விதத்துக்கும் பொறுப்பேற்கிறார் என்பது அவர் எழுத்தின் அடிநாதம். செய்தவருக்கு நியாயமான கூலி போகாத பொருளை வாங்கினால் அந்த அநியாயத்தில் நமக்கும் பங்கு உண்டு. பொறுப்பேற்க வேண்டுமென்றால் யார் செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிய, நம் பக்கத்திலேயே செய்ததை வாங்க வேண்டும். கல்லுப்பட்டியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் நம் மதுரை நகரத்துக்கு இதைவிட நேரான அறிவுரை வேண்டியதில்லை.

அடுத்த முறை உங்கள் பள்ளியோ சங்கமோ ஆலயமோ இப்படி ஓர் ஏலம் நடத்தினால், மரத்துக்கும் கூலிக்குமான பணத்தை முதல் நாளே ஆசாரியிடம் எண்ணிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் தர்மத்துக்குப் போகட்டும். ஏலம் கூறும்போது மரத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் செய்தவர் பெயரையும் சொல்லச் செய்யுங்கள். அவரையே மேடைக்கு அழைத்து, கூட்டு எப்படிப் போட்டார் என்று இரண்டு நிமிடம் பேசவிட்டால் விலை தானாக ஏறும். ஏலம் கேட்கப் போகிறவராக இருந்தால், கையைத் தூக்கும் முன் அமைப்பாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ‘இதைச் செஞ்சவருக்குக் கூலி கொடுத்தாச்சா?’