கும்பிட்டுக் குறைத்ததும் கேட்டுக் குறைத்ததும்

மாரடைப்பு வந்த அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னபோது கையில் கொடுத்த பில்லில் ஏழெட்டு வரிதான். மருந்து இவ்வளவு, டாக்டர் ஃபீஸ் இவ்வளவு, இதர பொருள்கள் இவ்வளவு. சித்தப்பா மேனேஜர் அறைக்குள் போய், "ரிட்டயர்டு வாத்தியார் சார், பென்ஷன்தான். பாத்துப் போடுங்க" என்று கும்பிட்டார். சில ஆயிரம் குறைந்தது.

எனக்கு அந்தக் கும்பிடு உறுத்தியது. விவரம் தெரிந்தல்ல, வீம்பில்தான் ஐட்டம் வாரியாக பில் வேண்டும் என்றேன். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் அதுவும் ஓர் உரிமை என்பதைப் பிறகுதான் படித்தேன்.

பல பக்கங்கள் வந்தன. ஸ்டென்ட் விலையில் பேச ஒன்றுமில்லை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டதிலிருந்து, அதன் விலை அரசின் பிடியில் இருக்கிறது. வரம்பில்லாத சில்லறைச் சாமான்களில்தான் பணம் கரைகிறது. அதே ஆணையம் 2018-இல் டெல்லி வட்டாரத்து நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, லாப விகிதம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது.

சாமான்களின் விலையை என்னால் அசைக்க முடியவில்லை. எண்ணிக்கையைக் கேட்க முடிந்தது. பிரிக்காமல் நர்ஸ் திருப்பி அனுப்பிய ஊசி மருந்துகள் கழிக்கப்படவில்லை. ஐசியூவிலிருந்து அறைக்கு மாற்றிய நாளுக்கு இரண்டுக்கும் முழு வாடகை. ஒரே ரத்தப் பரிசோதனை இரண்டு முறை. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டேன். மேனேஜர் வாதாடவில்லை, கேஸ் ஷீட்டை வரவழைத்துப் பார்த்து, பேனாவால் அடித்தார். சித்தப்பாவுக்குக் குறைந்ததைப் போலப் பல மடங்கு குறைந்தது.

ஆனால் பெரிய தொகை அறையில் இருக்கிறது. பல மருத்துவமனைகளில் ஷேரிங்கிலிருந்து தனி ஏசிக்குப் போனால், வாடகையோடு டாக்டர் ஃபீஸும் நர்சிங் கட்டணமும் சேர்ந்து ஏறும். இன்சூரன்ஸில் அறை வாடகைக்கு வரம்பு இருந்து அதைத் தாண்டினால், பல பாலிசிகளில் மற்றக் கட்டணங்கள் பலவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இதையெல்லாம் அட்மிஷன் மேசையிலேயே பேசிவிட வேண்டும். பிறகு தினமும் அன்றன்றைய பில்லை வாங்கிப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட நர்ஸ் டியூட்டியில் இருக்கும்போதே கேட்டால் பதில் கிடைக்கும்.

நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரால் இது ஆகாது. கணக்குப் பார்க்க வீட்டில் வேறொருவர் வேண்டும். கல்நெஞ்சக்காரன் என்ற பேரை அவர் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நான் வாங்கிக்கொண்டேன்.

மேனேஜர் கடைசியில், "உங்க சித்தப்பா கேட்ட கன்செஷனும் இருக்கட்டுமா?" என்றார். வீம்பைப் பார்த்தால் வேண்டாம் என்றிருக்க வேண்டும். இருக்கட்டும் என்றேன்.