நனைந்த துணியின் எடை

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகும் ஆண்கள் தங்கள் உடுப்பைப் பற்றி யோசித்து நான் பார்த்ததில்லை. அரைக்கால் சட்டை, பனியன், முகத்துக்குக் கண்ணாடி, காலுக்குத் துடுப்பு, சங்கு போட ஒரு வலைப்பை. கம்ப்ரசர் வைத்த வள்ளமென்றால் காற்று வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் முத்துக்குளித்த காலத்தில் இவ்வளவுகூடக் கிடையாது. ஒரு கோவணம், காலை ஊன்றி இறங்க ஒரு கல், இடுப்பில் கயிறு, மேலே அந்தக் கயிற்றைப் பிடிக்க ஒரு மச்சான். தன் கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்பது கணக்கு. 1961-ல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. மச்சான் கதை மட்டும் நிற்கவில்லை. இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறொன்று தெரிகிறது. கயிற்றின் இரண்டு முனையிலும் ஆண்கள். பெண்ணின் தாலி மட்டும்தான் வள்ளத்தில் ஏறியிருக்கிறது.

அவர்கள் கொண்டுவரும் சங்கு எங்கே போகிறது என்று மாணவிகளிடம் கேட்பேன். பெரும்பகுதி வங்காளத்துக்குப் போய், அறுத்து வளையலாகி, திருமணமான பெண்களின் கையில் ஏறுகிறது. சங்க இலக்கியத்திலும் சங்கை அறுத்துச் செய்த வளை உண்டு. பிரிவில் மெலிந்த பெண்ணின் கையிலிருந்து அது கழன்று விழுந்துகொண்டே இருக்கும். இருபது வருஷமாக நெய்தல் திணை நடத்துகிறேன். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று எழுதிப்போட்டால் எல்லாரும் குறித்துக்கொள்கிறார்கள். அதே பாட்டுகளில் பெண்கள் தழையாடை உடுத்தித் தோழிகளோடு கடலாடுகிறார்கள் என்பதைத் தேர்வுக்கு யாரும் படிப்பதில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடலுக்குள் இறங்கியிருந்த பெண்ணை நாம் கரையில் உட்காரவைத்து அழவிட்டிருக்கிறோம்.

ஒருநாள் வகுப்பில், நீந்தத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். மூன்று கைகள். மூவரும் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள், கிணற்றில் பழகியவர்கள். கடற்கரையிலிருந்து வந்தவர்களில் ஒருத்தியும் இல்லை. ஏன் என்றதற்கு ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எதைப் போட்டுக்கிட்டு மேம் இறங்குறது?”

இந்தக் கேள்வியை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004 சுனாமியைப் பற்றி ஆக்ஸ்பாம் அமைப்பு 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்கிறது அது. காரணங்கள் பல. மீன் வரும் நேரத்தில் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடவில்லை. நீந்தவும் மரமேறவும் அவர்களுக்கு யாரும் பழக்கிவிட்டதில்லை. இவற்றோடு, பிழைத்தவர்கள் சொன்ன இன்னொன்றும் உண்டு. காலைச் சுற்றிய சேலை, முள்ளில் மாட்டிய முடி. ஐந்தரை மீட்டர் பருத்தித் துணி தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும் என்பது துவைக்கிற ஒவ்வொருத்திக்கும் தெரியும். அந்தக் கனத்தை உடம்பில் கட்டிக்கொண்டுதான் நாம் கடற்கரையில் நிற்கிறோம்.

எனக்கு 41 வயதில் நீச்சல் பழக ஆசை வந்தது. குளத்தில் பெண்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நீச்சலுடை கட்டாயம் என்று பலகை வைத்திருந்தார்கள். அந்த உடை எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கடையில் சின்னப் பிள்ளைகளுக்கு சுருக்கு வைத்த பாவாடை போலொன்று இருந்தது. பெரியவர்களுக்கு என்று கேட்டதும் கடைக்காரர், “ஜென்ட்ஸ் மீடியம் எடுத்துக்கோங்க மேடம், லேடீஸ் யாரும் கேக்குறதில்ல” என்றார். கிடைக்காததால் கேட்பதில்லையா, கேட்காததால் கிடைப்பதில்லையா என்று அங்கேயே நின்று அவரோடு விவாதிக்கலாம். ஜென்ட்ஸ் மீடியத்தைப் போட்டுப் பார்த்தேன். தோளில் தொளதொளவென்று இருந்தது, மார்பில் பிடித்தது, இடுப்பில் ஏறவே இல்லை.

அளவு சரியில்லை என்றால் அழகு கெடுகிறது என்று மட்டும் நினைக்கிறோம். தண்ணீரில் அது உயிர்ப் பிரச்சினை. மிதவைச் சட்டை தொளதொளத்தால் தண்ணீர் அதை மேலே தள்ளும். ஆள் கீழே நழுவுவாள். பட்டிகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவரைத் தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதுக்கு ஏறினால் அது உங்கள் அளவில்லை. முகக்கண்ணாடியை வாரில்லாமல் முகத்தில் பொருத்தி மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டிருந்தால் வாங்கலாம். ஓர இழை முடி உள்ளே மாட்டினாலும் தண்ணீர் புகும். குளிர்ந்த கடலுக்கான ரப்பர் உடுப்பும் உடம்போடு ஒட்டியிருந்தால்தான் சூடு காக்கும். இடைவெளி விட்டால் புதுத் தண்ணீர் புகுந்து சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். நம் மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான கடல். இங்கே வெயிலும் சொறியும் பவளப்பாறையின் கூர்மையும்தான் பகை. நைலானோ பாலியஸ்டரோ கலந்த, இழுத்தால் நீளுகிற துணியில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போதும். பருத்தி வேண்டாம். துப்பட்டா வேண்டவே வேண்டாம். படகில் கயிறும் இயந்திரமும் சுற்றும்.

இந்தக் கடலில் நமக்கு முன்னால் இறங்கிய பெண்கள் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தீவுகளின் பக்கம் போய் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே ஆண்களின் சட்டையோ பனியனோ போட்டு, விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றி, காலில் ரப்பர் செருப்பும் கண்ணில் கண்ணாடியுமாக இறங்குகிறார்கள். இந்த உடுப்பை வடிவமைத்த நிறுவனம் எதுவும் இல்லை. கை அறுபட்டபோது ஒருத்தி துணி சுற்றியிருப்பாள். பார்த்த இன்னொருத்தியும் சுற்றியிருப்பாள். அவர்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். வேறு சில பாசிகளிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட், துணியில் அச்சுப்பதிக்கும் சாயத்தைக் கெட்டிப்படுத்த உதவுகிறது. கிழிந்த துணி சுற்றிய விரல்களால் பறித்தது எங்கோ புதுச்சேலையில் பூவாகிறது.

1986-ல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு, பிழைப்புக்குப் போன பெண்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். பாசி எடுக்கும் உரிமைக்காகவும் பாசியை அழிக்காமல் எடுக்கும் முறைக்காகவும் பேசிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. சாகசப் பயணம் என்று நாம் காசு கொடுத்துப் போவதை இவர்கள் சிறுபிள்ளையிலிருந்து செய்கிறார்கள். ஆனால் அதற்கு வேலை என்றுதான் பெயர். வேலை செய்கிற பெண்ணுக்கு உடுப்பு எதற்கு என்று உலகம் நினைக்கிறது போலும்.

உலகம் எல்லா இடத்திலும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. கொரியாவின் ஜெஜு தீவில் முங்கிக் கடற்பொருள் எடுக்கும் ஹேன்யோ பெண்கள் 1970-கள் வரை பருத்தி உடையோடுதான் குளிர்கடலில் இறங்கினார்கள். உடம்பு பெருத்தாலும் கர்ப்பமானாலும் தளர்த்திக் கட்டிக்கொள்ளப் பக்கவாட்டில் முடிச்சு வைத்துத் தைத்திருந்தார்கள். 1975-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஜப்பானின் ஜுன்கோ தாபெய். பயணத்துக்குப் பணம் போதாமல் கார் இருக்கையின் உறையை வெட்டிக் கையுறை தைத்துக்கொண்டார். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்வெளியில் நடப்பதாக இருந்தது. நடுத்தர அளவில் ஒரேயொரு மேலுடுப்புதான் தயாராக இருந்ததால் நாசா அந்த ஏற்பாட்டை மாற்றியது. அக்டோபர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. விண்வெளி வரை போனாலும் ஜென்ட்ஸ் மீடியம் துரத்திக்கொண்டு வருகிறது.

மாறியும் வருகிறது. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ஐஎன்எஸ்வி தாரிணி பாய்மரப் படகில் கிளம்பிய இரண்டு கடற்படைப் பெண்கள் 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். ஒருவர் கேரளத்தின் தில்னா, இன்னொருவர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. இந்தப் பெயர்களை நெய்தல் பாடத்தின் கடைசியில் கரும்பலகையில் எழுதிவைக்கிறேன். தேர்வில் வராது என்று சொல்லியே எழுதுகிறேன்.

என் உடுப்பைத் தைத்துக் கொடுத்தவர் திரேஸ்புரத்தில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்கா. துணியைத் தொட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

“இதுக்குச் சாதாத் தையல் போட்டா இழுக்கயில தெறிச்சிரும் டீச்சர். ஓவர்லாக்தான் போடணும். எங்க போறதுக்கு?”

“கடலுக்கு அக்கா.”

“கடலுக்கா? யாரு கூட்டிட்டுப் போறா?”

“யாரும் கூட்டிட்டுப் போகல. நானாத்தான் போறேன்.”

கொஞ்சநேரம் பேசாமல் அளவெடுத்தார். பிறகு, “அப்ப வீட்டுச் சாவிய எங்க வைப்பீய?” என்றார். கேட்டதோடு விடாமல் இடுப்புக்கு உள்பக்கம் ஜிப் வைத்து ஒரு பை தைத்துவிட்டார். நான் பார்த்த எந்தக் கடையிலும் பெண்ணின் உடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இவள் வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவாள் என்று யாரும் கேட்டதில்லை.

முயல் தீவுக் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தைத் தாழ்த்தி முதன்முறை கண்ணைத் திறந்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மணல், கொஞ்சம் கடற்புல், ஒரு நண்டு. பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருந்த ஒன்றை இப்போதுதான் உள்ளிருந்து பார்க்கிறேன் என்பதே போதுமாக இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டு கரையில் சிலர் நின்றார்கள். சேலையோடு நனைந்திருந்தால் இதைவிட அதிகமாகப் பார்த்திருப்பார்கள். நனைந்த சேலை எதையும் மறைப்பதில்லை. அதை மரியாதை என்கிறோம். மறைக்கிற உடுப்பை, அது உடம்போடு ஒட்டியிருப்பதால், வெட்கக்கேடு என்கிறோம்.

படகில் போகிற பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆண்கள் படகின் ஓரத்துக்குத் திரும்பிக்கொள்கிறார்கள். பெண்கள் முந்தினநாள் இரவே நாக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். வெயிலில் அந்தத் தாகம் தலைசுற்றலாகும், ஒண்ணுக்கு அடக்குவது நீர்க்கடுப்பாகும். பெண்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று ஊர் சொல்லும். ஒத்துக்கொள்ளாதது கடல் அல்ல. திரும்பிக்கொள்ள இடமில்லாத படகு. நாலு மூலையில் கம்பு நட்டு ஒரு தார்ப்பாய் கட்டினால் தீருகிற விஷயம்.

மாணவிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடலுக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் கல்லூரியில் நீச்சல் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்று நீங்களும் கேளுங்கள். உங்கள் ஊர்த் தையல்காரரிடம் துணியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கடையில் பெண்கள் அளவு கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள்.

‘எதைப் போட்டுக்கிட்டு இறங்குறது’ என்று கேட்ட பெண்ணும் அவளுடைய அக்காவும் போன மாதம் அந்தக் கடைக்குப் போனார்கள். அவர்கள் அப்பா சங்கு குளிப்பவர். மகள்களை இன்னும் வள்ளத்தில் ஏற்றவில்லை. கரையோரம் நின்று பழகட்டும், நானும் நிற்கிறேன் என்றிருக்கிறார். தையல்கார அக்காவின் நோட்டில் ரவிக்கை அளவுகளுக்கு நடுவே இப்போது ஒரு தனிப்பக்கம். மேலே ‘கடல்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். கீழே ஐந்து பேரின் அளவு இருக்கிறது. ஐந்தாவது அவருடையது.