காதுக்கு இமை இல்லை
பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

'சாவடி' என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம் என்று நம் தமிழாசிரியை கூறியது நினைவிருக்கும். எங்கள் ஊர் இடையஞ்சாவடி. கிழக்கே கடலோரம் பெரியமுதலியார்சாவடி, சின்னமுதலியார்சாவடி. அக்காலத்தில் வழிப்போக்கர் இவ்வூர்களில் உறங்கிச் சென்றனர் போலும். இன்றோ அவர்களும் உறங்குவதில்லை. சாலையோரத்தாரையும் உறங்க விடுவதில்லை!

சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது என் பெரியம்மா வீடு. சென்ற ஜூன் மாதம் ஒரு வாரம் அங்கிருந்தே பள்ளிக்கு வந்தேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் அச்சாலை விழித்துக் கொள்கிறது. மரக்காணத்து உப்பு லாரி, மீன் வண்டி, காய்கறி லாரி, ஆம்னி பஸ். சனிக்கிழமையானால் புதுச்சேரிக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்கள் வேறு. வேகத்தடைக்கு முன் பிரேக் கிறீச்சிடும். தாண்டியதும் எஞ்சின் உறுமும். காலி லாரி என்றால் சங்கிலி, கதவு எல்லாம் கடகடக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஹாரன்.

ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பி மட்டும் அசையாமல் தூங்கினான். "அவனுக்கு எல்லாம் பழகிப் போச்சுடி. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்" என்றார் பெரியம்மா. எனக்குத்தான் தூக்கம் வரவில்லையே, அவனையே பார்த்துக் கொண்டிருந்தேன். ஹாரன் அலறும் போதெல்லாம் அவன் இமை துடித்தது, கை விரல்கள் மடங்கின, புரண்டு படுத்தான். விழிக்கவில்லை. காலையில் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. பள்ளியில் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயராம்.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. நாம் உறங்கும்போதும் காது கேட்டுக் கொண்டேயிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பிய நாடுகளுக்காக 2009-இல் வெளியிட்ட இரவு இரைச்சல் அறிக்கை இதைத்தான் கூறுகிறது: பெரியவர்களைப் போலக் குழந்தைகள் சத்தத்தில் எளிதில் விழிப்பதில்லை, ஆனால் அவர்களுடைய இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சத்தத்திற்கு ஏற்பத் துள்ளுகின்றன. பழகியது போலத் தோன்றுகிறதே தவிர, உடல் பழகுவதில்லை. பகலில் படித்தது மனத்தில் பதிவதும், வளர்ச்சிக்கான ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதும் உறக்கத்தில்தான் அன்றோ? ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 மணி முதல் 12 மணி நேர உறக்கம் தேவையாம். நமக்கே 8 மணி நேரமாவது வேண்டும். (தேர்வுக் காலத்தில் இதை யாரிடம் சொல்வது?)

ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த ஓர் ஆய்வு என்னை வியக்க வைத்தது. அங்கே சாலையன்று, விமானச் சத்தம். 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதை வேறிடத்தில் திறந்தனர். பழைய இடத்துக் குழந்தைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் தேறின. புதிய இடத்துக் குழந்தைகளுக்கு அவை குன்றின. ஆகவே, தம்பிக்கும் நம்பிக்கை உண்டு.

மேலை நாடுகளில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலை மூடிக் கொள்வார்கள். இங்கே கத்திரி வெயிலில் ஜன்னலைச் சாத்தினால் வெந்து போவோம். திண்ணையிலும் மொட்டை மாடியிலும் அல்லவா படுக்கிறோம்! எனவே சத்தத்தைச் சாலையிலேயே குறைக்க வேண்டும். சட்டம் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. நாம் சாதாரணமாகப் பேசுவதே ஏறத்தாழ 60 டெசிபல்! ஆபத்து வேளை தவிர, அங்கே இரவில் ஹாரன் அடிப்பதையும் 2010-இல் தடை செய்தனர். உறக்கம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியிருக்கிறது.

லாரி ஓட்டுநர்களையே குறை கூற எனக்கு மனமில்லை. இருட்டில் விளக்கில்லாத சைக்கிளும் ஆடு மாடும் குறுக்கே வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் தூக்கம் கெட்டவர்களே. ஆனால் வெறிச்சோடிய சாலையில் வேடிக்கைக்காக அலற விடும் பலதொனி ஹாரனுக்கு என்ன காரணம் சொல்வது?

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். தம்பியின் பாயைத் தெருப்பக்க அறையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றினார். அங்கே லாரிச் சத்தம் பாதிதான் கேட்கிறது. கொசு சற்று அதிகம். 'இரவில் ஹாரன் அடிக்காதீர்' என்ற பலகை வைக்கக் கோரி நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுக்கப் பெரியப்பா தெருவாரிடம் கையெழுத்து வாங்கி வருகிறார். இதுவரை பதினேழு சேர்ந்துள்ளன. மனுவை எழுதியது நான்தான்.