நீர் புகலாகாத தூம்பு

"கனாத்" என்னும் அறபுச் சொல்லுக்கு ஈட்டியின் தண்டு என்றும் பொருளுண்டு. நீரோடும் கால்வாய் என்றும் பொருளுண்டு. நம் தமிழிலே "தூம்பு" என்பது மூங்கிலையும் குறிக்கும். நீர் செல்லும் மதகினையும் குறிக்கும். உள்ளீடற்ற தண்டினைக் கண்ட இரு மொழியாரும் அதில் நீர் ஓடுவதையே எண்ணினர் போலும்! ஆயின், நீர் புகலாகாத தூம்பு ஒன்றும் இக்காலத்தில் உண்டு. மின்கம்பியைச் சுமந்து மண்ணுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் குழாயே அது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களைப் பெருமழை வருத்தியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. வெள்ளம் வடிந்து சுவர்கள் உலர்ந்த பின்னரும், நம் இல்லத்திலிருந்து கிணற்றடிக்குச் செல்லும் குழாய் மட்டும் உலரவில்லை. கிணற்றடி விளக்கைப் போட்டதும், மின்கசிவைக் கண்டு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை விழுந்துவிடும்.

"அந்த விசையை விலக்கி நேரே இணைத்துவிட்டால் விளக்கு எரியும், ஆலிம்சா" என்றார் உதவிக்கு வந்த ஒருவர். எரியும் என்பது உண்மையே. ஆனால், வைகறையில் உளூச் செய்வதற்காக அந்த ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவர், எண்பது வயது கடந்த நம் உம்மா. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் அவ்விசை நமக்குத் தொல்லை தரவில்லை. மறைந்திருந்த ஆபத்தை அறிவித்தது. காவற்காரன் குரல் கொடுக்கிறான் என்பதற்காக அவன் வாயைக் கட்டுவார் உண்டோ? நாம் இசையவில்லை.

அனுபவம் மிக்க வயர்மேன் தம்பி ஒருவரை அழைத்தோம். முதற்கண் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டையையும் கழற்றித் தம் பையில் வைத்துக்கொண்டார். டெஸ்டரால் சோதித்த பின்னரே கம்பியைத் தொட்டார். கம்பியின் நுனியில் நீண்ட நைலான் கயிற்றைக் கட்டி மறுமுனையில் இழுக்க, கம்பி வெளியே வந்தது. கயிறு உள்ளே நின்றது. அதன் நடுவே பழந்துணியை முடிந்து, இருபுறமும் மாறி மாறி இழுத்தோம். ஓரங்குல உள்விட்டமும் 40 அடி நீளமும் உடைய குழாய் ஏறத்தாழ 6 லிட்டர் நீரைக் கொள்ளும். துணியைப் பிழியப் பிழிய வாளி நிறைந்தது.

மறுநாளும் துணி நனைந்தே வந்தது. தோண்டிப் பார்த்தால், குழாய் நடுவில் தாழ்ந்திருந்தது. முன்னர்ப் பதித்தவர் அங்கே இணைப்புக்குப் பசையே இடவில்லை. புதுக் குழாயைப் பசையிட்டு இணைத்து, கிணற்றடி நோக்கிச் சரிவாகப் பதித்து, அம்முனையில் ஜல்லி பரப்பிய மூடியுள்ள சிறு தொட்டி கட்டினோம். புகும் நீர் அங்கே மணலில் வடிந்துவிடும். வீட்டு முனையைப் புட்டியால் அடைத்தோம்.

"மண்ணுக்குள் கிடக்கும் குழாய் என்றும் உலர்ந்திருக்கும் என நம்பாதீர்கள்" என்றார் தம்பி. வெதுவெதுப்பான காற்று உட்புகுந்து, குளிரும்போது அதன் ஈரமே துளியாகிவிடுமாம். ஆதலால் ஈரம் தாங்கும் நிலத்தடிக் கேபிளை, இடையில் ஒட்டின்றி ஒரே நீளமாக இழுத்தார்.

வாசக அன்பர்களே! நம் வீடுகளில் கிணற்றடிக்கும் தோட்டத்திற்கும் இத்தகைய குழாய்கள் பல உண்டு. பாதுகாப்பு விசை அடிக்கடி விழுமாயின் அதனை ஏசாதீர்கள், விலக்கவும் விடாதீர்கள். அது விழுவதன் காரணத்தைத் தேடுங்கள். இருளில் சில நாள் அரிக்கேன் விளக்குடன் கிணற்றடிக்குச் செல்வதில் குறைவொன்றும் இல்லை.