பறையை வெளியில வச்சிட்டு வாங்க

ஊர்ச் சாவுக்கு அடிக்கமாட்டேன்னு அய்யா நிறுத்திப் பதினஞ்சு வருசமாச்சு. நம்ம பாட்டுக்கு மட்டும் அடிப்பார். 2022 டிசம்பரில் எங்க புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதுக்கு நான் கட்டின பாட்டைப் பதிவு செய்யப் போனோம்.

ஸ்டுடியோக்காரர், "அதை வெளியில வச்சிட்டு வாங்க. அந்தச் சத்தம் கம்ப்யூட்டர்லயே இருக்கு" என்றார். அய்யா பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். பஸ்சில் வரும்போதுதான் கேட்டார்: "நம்ம வீட்லயே பண்ண முடியாதாடா?"

அக்கா மகனின் பழைய லேப்டாப்பில் முயன்றோம். நாலு அடி அடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "என் அடி எனக்கே பின்னாடி வருதுடா."

ஏன்னு தேடிப் படித்தேன். நொடிக்கு 44,100 மாதிரிகளாக எடுக்கும் சத்தத்தைக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாகத்தான் வாங்குகிறது. துண்டுக்கு 128 மாதிரி என்றால் 3 மில்லி நொடிக்குள் பிராசஸர் வேலையை முடிக்கணும். முடியலைன்னா கரகரப்பு. 1,024 ஆக்கினால் கரகரப்பு அடங்கும். ஆனா உள்ளே வர 23 மில்லி நொடி, வெளியே போக இன்னொரு 23. பறைக்கு அது ஆகாது.

கடையில், "ஐ7 வாங்குங்க, அதான் பெருசு" என்றார்கள். பேரு பெருசா இருந்தா போதுமா? எண்ணுக்குப் பின்னால் நிற்கும் எழுத்தைப் பார்க்கணும். யூ என்றால் 15 வாட் அளவில் ஓடுற ரகம், எச் என்றால் 45. ஒரு தடத்தில் வரிசையாக மாட்டும் எஃபெக்ட்டுகள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். அதனால் கோர்களை எண்ணுவதற்கு முன்னால் ஒத்தைக் கோரின் வேகத்தைப் பார்க்கணும். சூடு ஏறினால் அந்த வேகமும் இறங்கிவிடும். பறை காய்ச்சினாத்தான் பேசும். இது காய்ந்தால் திணறும்.

கடைசியில் திருச்சியில் பழைய ஐ5 எச் ஒன்று, 16 ஜிபி ராம், கூடவே சின்ன சவுண்ட் கார்டுப் பெட்டி. என் ரெண்டு மாசக் கூலி. அதன் காத்தாடிச் சத்தம் மைக்கில் விழுந்தது. லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து, ஒயரைச் சன்னல் வழியே உள்ளே இழுத்தோம்.

128இல் வைத்தேன். அய்யா அடித்தார். "இப்பக் கையோட வருதுடா."

அன்னைக்கு வெளியில் இருந்தது கம்ப்யூட்டர். பறை உள்ளே இருந்தது.