முளைக்கும் முன்னே

கீழாநெல்லி கைமருந்துக்கு நல்லதுதான். இட்லிப்பூச் செடி நிற்கும் பையில் அதற்கு இடமில்லை. இலைக்கடியில் வரிசையாகத் தொங்கும் காய், காய்ந்ததும் வெடித்துப் பக்கத்துப் பைகளுக்கு விதையை வீசிவிடும். புளியாரையும் அப்படியே. பிஞ்சு தெரியும்போது களையெடுக்க ஆள் தேடினால் அவர் வருவதற்குள் பாதி விதை கொட்டியிருக்கும். நர்சரியில் களை வேலை பச்சை தெரிவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

இது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியை அடிப்பது விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அறிந்த பழக்கம்தான். மல்லாட்டை ஏன் சாவதில்லை? பருப்பு பெரிது, ஆழத்தில் கிடக்கிறது. மருந்தோ மேல்மண்ணைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. சின்ன விதைக் களை முளைவிட்டு அந்தப் படலத்தைத் தொட்டதும் வேர்நுனியிலும் குருத்திலும் செல் பிரிவது நின்றுவிடும். பையிலும் அதே கணக்கு: செடியின் வேர் கீழே, மருந்து மேலே.

அதனால்தான் பை மாற்றிய அன்றே அடிக்கக் கூடாது என்கிறேன். மண் பொலபொலவென்று இருக்கும். சந்து வழியே மருந்து வேருக்கு இறங்கிவிடும். சில தடவை பூவாளியில் நீர் விட்டு மண் அமர்ந்த பிறகு, முளைத்ததையெல்லாம் கையால் பிடுங்கிவிட்டுத் தெளிப்பானை எடுக்க வேண்டும். தலைகாட்டி வளர்ந்த களையை இது கொல்லாது. மல்லாட்டைக்கு 30 சத மருந்து எக்டேருக்கு 3.3 லிட்டர். நர்சரிக்கு அதையே 100 சதுர மீட்டருக்கு 33 மில்லி, 5 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் கை தவறாது. அடித்ததும் லேசாக நீர் தெளித்தால் இலையில் பட்டது கழுவிப்போகும், மருந்தும் மண்ணில் உட்காரும். இளந்துளிர் விட்டிருக்கும் செடியைத் தள்ளிவைப்பது நல்லது.

விதைத்தட்டு, குச்சி நட்ட பாத்தி இரண்டின் பக்கமே போகக் கூடாது. களையின் வேரை நிறுத்தும் மருந்து நம் குச்சியின் வேரையும் நிறுத்தும். தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த பையில் நாரே மருந்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பலன் குறையும். கோரையிடம் இந்த மருந்து செல்லாது. அது கிழங்கிலிருந்து வருகிறது.

வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கு மாறும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அப்படி வெள்ளம் ஏறி வடிந்த இடத்தில் பையின்மேல் வண்டல் படிகிறது. வண்டலோடு வந்த விதை மருந்துப் படலத்துக்கு மேலேயே உட்கார்ந்து முளைக்கிறது. அங்கே பழைய தெளிப்பை நம்பிப் பயனில்லை. வண்டலை வழித்தெடுத்த பிறகே அடுத்த தெளிப்பு. தெளிப்பான் கழுவிய தண்ணீர் ஏரிக் கால்வாயில் கலக்கவே கூடாது, மீனுக்கு இது கடும் நஞ்சு.

மருந்துப் புட்டியில் நெல், கோதுமை, பருத்தி, சோயா என்று பயிர்ப்பெயர்கள் இருக்கின்றன. இட்லிப்பூவும் காகிதப்பூவும் இல்லை. ஆகவே எந்தச் செடியானாலும் முதலில் பத்துப் பையில் மட்டும் அடித்து, அடுத்த துளிர் கோணாமல் வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றுக்கு. மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று தன் பெயரைக் கொடுத்த ஊர் திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் போன்ற ஓர் இடத்தில், நம் செம்மண் பையில் நிற்கும் பூச்செடிகளுக்கும் அளவு சோதித்துச் சொல்லும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.