ஆறு வினாடிக்கு ஒரு நடுக்கம்

ஜூன் 2, திங்கள்

கட்டுமர விளையாட்டு ஓடுகிறது. ஆனால் திரை நடுங்குகிறது.

மேலே இருட்டுக் கடல். கோடுகளால் வரைந்த அலைகள், தூரத்தில் கலங்கரை விளக்கம். கீழே நான்கு நிறங்களில் ஒரு பலகை: திசைகாட்டி, காற்றின் வேகம், பிடித்த மீனின் எடை. கடலும் பலகையும் சந்திக்கும் கோடு அசையாமல் நிற்க வேண்டும். சில வினாடிகள் நிற்கிறது. பிறகு ஒரு துடிப்பு. பலகையின் மேல் விளிம்பில் நிறங்கள் சிதறி, கண் இமைப்பதற்குள் சரியாகிவிடுகின்றன. மீண்டும் சில வினாடிகள் அமைதி. மீண்டும் துடிப்பு.

இந்த விளையாட்டை நான் எழுதுவது பிபிசி மைக்ரோவுக்காக. 1981 டிசம்பரில் வெளிவந்த வீட்டுக் கணினி. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் செய்தது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 செயலி, 32 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். இப்போது லேப்டாப்பில் நிரலை எழுதி, பீப்அஸெம் என்ற அசெம்பிளரில் கொடுத்து, வரும் டிஸ்க் கோப்பை எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கிறேன். என்னிடம் உள்ள ஒரு பழைய எமுலேட்டரில் நடுக்கமே இல்லை. பிரவுசரில் ஓடும் ஜேஎஸ்பீபில் இருக்கிறது. கம்பைலர் எக்ஸ்புளோரரை உருவாக்கிய மேட் காட்போல்ட் எழுதியது இது. சில்லுகளின் ஒவ்வொரு சுழற்சியையும் எண்ணி நடத்தும். இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சாட்சி சொன்னால், கோளாறைக் காட்டுகிற கருவியைத்தான் நான் முதலில் நம்புவேன்.

ஜூன் 3, செவ்வாய், இரவு

திரையை இப்படி இரண்டாகப் பிரிப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. 1984இல் கேம்பிரிட்ஜ் மாணவர்களான இயன் பெல்லும் டேவிட் பிரேபனும் 'எலீட்' விளையாட்டில் செய்து காட்டியது. இந்த இயந்திரத்தில் நிறம் கூடினால் நினைவகம் கரையும். மோட் 2 என்ற காட்சி முறையில் திரை மட்டுமே 20 கிலோபைட்டைத் தின்றுவிடும். மீதியில் விளையாட்டுக்கு இடம் ஏது? மோட் 4, மோட் 5 இரண்டுக்கும் ஆளுக்கு 10 கிலோபைட் போதும். முன்னதில் நுணுக்கமான கோடுகள், ஆனால் இரண்டே நிறம். பின்னதில் நான்கு நிறம், ஆனால் புள்ளிகள் பருமன். இரண்டும் நினைவகத்தின் ஒரே இடத்தில், &5800இல் தொடங்குகின்றன. ஆகவே தொலைக்காட்சி பாதித் திரையை வரைந்துகொண்டிருக்கும்போதே மோடை மாற்றிவிடலாம். மேலே கோடுகள், கீழே நிறம், நினைவகச் செலவு அதே 10 கிலோபைட்.

மாற்ற வேண்டிய கணத்தைச் சொல்வது ஒரு டைமர். திரையின் ஒரு வரியை வரைய 64 மைக்ரோ வினாடி. ஒரு ஃபிரேம் தொடங்குவதற்கான குறி வந்ததிலிருந்து எண்ணினால், 14,848 மைக்ரோ வினாடியில் என் பலகையின் விளிம்பு வருகிறது. அந்த நேரத்தில் டைமர் செயலியைத் தட்டி எழுப்பும். செயலி கையில் இருப்பதை வைத்துவிட்டு வந்து மோடை மாற்றும். தாமதமாக வந்தால் விளிம்பு சிதறும்.

யார் தாமதப்படுத்துவது என்பதுதான் கேள்வி.

ஜூன் 4, புதன்

இன்று நிரல் பக்கம் போக நேரமில்லை. பஸ்ஸில் போகும்போது பள்ளிக் கணினி அறை ஞாபகத்துக்கு வந்தது.

1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோக்களைக் கொடுத்தது. பிறகு மொஹாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இந்த இயந்திரத்தை இங்கேயே தயாரிக்கவும் செய்தது. எங்கள் பள்ளிக்கும் வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜன்னலுக்குத் தடித்த பச்சைத் திரை. ஊரில் எங்கும் இல்லாத குளிர். ஒரு இயந்திரத்துக்கு மூன்று பேர். நடுவில் உட்கார்பவனுக்கே விசைப்பலகை.

சுவிட்சைப் போட்டதும் இரட்டை ஒலியில் ஒரு 'பீப்'. உடனே பேசிக் தயார். காத்திருக்கவே வேண்டாம்; ஒரு குறி மின்னிக்கொண்டு, சொல் என்பதுபோல் நிற்கும். சோஃபி வில்சன் எழுதிய அந்த பேசிக்கில் எனக்கு இன்றும் தீராத வியப்பு, நிரலின் நடுவில் ஒரு சதுர அடைப்புக்குறியைத் திறந்து நேராக அசெம்பிளி எழுதலாம் என்பது. தனியாக அசெம்பிளர் வாங்க வேண்டியதில்லை. வாங்க யாரிடம் காசு இருந்தது? பதினான்கு வயதுப் பையன்கள் செயலியின் மொழியில் எழுதிப் பார்த்தோம் என்றால், அந்த அடைப்புக்குறி திறந்தே கிடந்ததுதான் காரணம்.

சேமிப்பதெல்லாம் கேசட்டில். நிரலை 256 பைட் கொண்ட துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து எழுதும். திரும்ப ஏற்றும்போது ஏதாவது ஒரு துண்டு கெட்டால் திரையில் 'டேட்டா?' என்று வரும். அடுத்த வரியில் 'ரீவைண்ட் டேப்'. கொஞ்சம் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினால், கெட்ட துண்டிலிருந்து தொடரும். முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லாது. எங்கே கெட்டது, என்ன கெட்டது என்று இயந்திரமே சொன்னது. எங்கள் இயற்பியல் வாத்தியார் அந்தத் துண்டின் எண்ணைக் கரும்பலகையில் குறித்துவைப்பார். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் டேப்பில் கோளாறு. எண் மாறிக்கொண்டே இருந்தால் டேப்ரெக்கார்டரில் கோளாறு. கோளாறை எப்படித் தேடுவது என்பதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அதைவிட நல்ல பாடம் பிறகு எந்த அலுவலகத்திலும் கிடைக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பழைய வித்தை ஒன்றைக் கையில் எடுத்தேன். டைமர் எழுப்பி, என் நிரல் வேலையைத் தொடங்கும் கணத்தில் பின்னணி நிறத்தைச் சிவப்பாக்கு; முடித்து வெளியேறும்போது கறுப்பாக்கு. அப்போது நிரல் எந்த நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பது திரையிலேயே ஒரு சிவப்புப் பட்டையாகத் தெரியும். டீபக்கரில் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட இது பன்மடங்கு மேல்.

பட்டை விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நடுக்கம் வரும்போது மட்டும் சில வரிகள் கீழே இறங்கி, உடனே மேலே ஏறிக்கொண்டது. ஆகவே மோடை மாற்றும் என் நிரலில் குற்றமில்லை. அதை வாசலில் நிறுத்திவைக்கும் வேறு யாரோ இருக்கிறார்கள்.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு இடைவெளியை அளந்தேன். ஆறு வினாடிக்குச் சற்று மேல். அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. தாறுமாறாக வரும் கோளாறு ஆளைக் கொல்லும். சொன்ன நேரத்துக்கு வருகிற கோளாறுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தே தீரும்.

ஜூன் 6, வெள்ளி

அண்ணன் மகள் பேசினாள். கல்லூரிப் போட்டிக்காக கோடோ என்ஜினில் ஒரு விளையாட்டு செய்கிறாள்.

"சித்தப்பா, லேப்டாப்ல நல்லா ஓடுது. வெப்ல ஏத்துனா ஒண்ணுமே வரல. அழிச்சுட்டு அழிச்சுட்டு ஏத்திட்டேன்."

"பிரவுசர் கன்சோல்ல என்னம்மா எழுதியிருக்கு?"

"அதப் பாக்கலையே."

பார்க்கச் சொன்னேன். 'ஷேர்டு அரே பஃபர்' கிடைக்கவில்லை என்று சிவப்பில் எழுதியிருந்ததாம். கோடோ 4இன் வெப் பதிப்பு பல த்ரெட்களில் ஓட அது தேவை. இணையதளத்தின் சர்வர் குறிப்பிட்ட இரண்டு ஹெடர்களை அனுப்பினால்தான் பிரவுசர் அதைத் திறந்துவிடும். அவள் ஏற்றிய இடம் அவற்றை அனுப்பவில்லை. 4.3 பதிப்பிலிருந்து த்ரெட் இல்லாமலே ஏற்றுமதி செய்ய வழி இருக்கிறது. த்ரெட்டுக்கான குறியை எடுத்துவிட்டதும் ஓடிவிட்டது.

"எதுக்கு சித்தப்பா பிரவுசர் அதைப் பூட்டி வெச்சிருக்கு?" என்று கேட்டாளே, அதுதான் எனக்குப் பிடித்தது. ஸ்பெக்டர் என்ற செயலிக் குறை 2018இல் வெளியே தெரிந்ததையும், துல்லியமான கடிகாரம் கிடைத்தால் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் ரகசியத்தைத் திருட முடியும் என்பதால் பிரவுசர்கள் இதை அடைத்ததையும் சொன்னேன். ஓடிவிட்டது, போதும் என்று வைத்துவிடாமல் காரணம் கேட்கிறாள். பிள்ளை தேறிவிடுவாள்.

ஜூன் 7, சனி, அதிகாலை

பிடித்துவிட்டேன்.

பிரே, டிக்கன்ஸ், ஹோம்ஸ் மூவரும் 1983இல் எழுதிய 'அட்வான்ஸ்டு யூசர் கைடு' மேசையில் திறந்தே கிடந்தது. பிபிசி மைக்ரோவில் 6522 சில்லுகள் இரண்டு. ஒன்றில் என் டைமர். இன்னொன்றில் இயங்குதளத்தின் சொந்த டைமர்; அது வினாடிக்கு நூறு முறை, அதாவது 10,000 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை, செயலியை எழுப்பும். நேரத்தை ஏற்றுவது, ஒலியை நடத்துவது, விசைப்பலகையைக் கவனிப்பது எல்லாம் அப்போது நடக்கும். அது முடியும்வரை மற்ற அழைப்புகளுக்குக் கதவு சாத்தியிருக்கும். என் டைமரும் வெளியில் நிற்க வேண்டியதுதான்.

அப்படியானால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அல்லவா நடுங்க வேண்டும்? ஆறு வினாடி எங்கிருந்து வந்தது?

கோடுகள் மினுக்காமல் இருக்க, ஒன்றுவிட்ட ஃபிரேம்களை அரை வரி தள்ளி வரையும் இன்டர்லேஸை நான் அணைத்திருக்கிறேன். அணைத்தால் ஒரு ஃபிரேமுக்கு 312 வரி. 312ஐ 64ஆல் பெருக்கினால் 19,968. இயங்குதளத்தின் இரண்டு தட்டுகளுக்கு 20,000. வித்தியாசம் 32 மைக்ரோ வினாடி. சற்றே வேறு காலப்பிரமாணத்தில் தாளம் போடும் இருவர்போல இரண்டும் ஃபிரேமுக்கு 32 என்று விலகிக்கொண்டே போகின்றன. 10,000ஐ 32ஆல் வகுத்தால் 312.5 ஃபிரேம். அதை நேரமாக்கினால் 6.24 வினாடி. அப்போதுதான் இயங்குதளத்தின் தட்டு சரியாக என் விளிம்பின்மீது வந்து விழுகிறது.

சரிபார்க்க இன்டர்லேஸைப் போட்டேன். இப்போது ஃபிரேமுக்கு 312.5 வரி, அதாவது மிகச்சரியாக 20,000. இரண்டும் ஒரே 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து பிறப்பவை. ஆகவே விலகவே இல்லை. நடுக்கம் போயிற்று. பழைய எமுலேட்டர் ஏன் எதையும் காட்டவில்லை என்பதும் விளங்கியது: இன்டர்லேஸ் எப்படி இருந்தாலும் அது ஃபிரேமை 20,000 ஆகவே வைத்துக்கொள்கிறது.

மருந்து என்ன? இயங்குதளத்தின் டைமரை நிறுத்திவிடலாம், ஆனால் ஒலியும் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு ஃபிரேமின் தொடக்கத்திலும் அந்த டைமரைப் புதிதாக ஓடவிட முடிவு செய்தேன். இடைவெளியை 10,000 ஆகவே விட்டால் இரண்டாவது தட்டு 20,000இல் வர வேண்டும். அதற்குள் 19,968இல் அடுத்த ஃபிரேம் வந்து டைமரை மறுபடி தொடங்கிவிடும். தட்டு பாதியாகி, இசை இழுத்துக்கொண்டு போகும். 9,000 என்று வைத்தால் தட்டுகள் 9,000இலும் 18,000இலும் விழும். என் விளிம்பு இருப்பது 14,848இல். இரண்டு பக்கமும் தாராளமான இடைவெளி.

ஜேஎஸ்பீபில் கோடு அசையவில்லை. பிறகு நிஜ இயந்திரத்தில், சிஆர்டி மானிட்டரில் போட்டுவிட்டு, எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அசையவில்லை.

டைமரைத் தொட்ட அந்தச் சில வரிகளுக்குமேல், இந்தக் கணக்கு முழுவதையும் குறிப்பாக எழுதிவைத்தேன். எண் மட்டும் இருந்து காரணம் இல்லாத நிரலைப் பிறகு வருபவர் தொடவே பயப்படுவார்.

படிகத்திலிருந்து திரைவரை ஒரு இயந்திரத்தின் காரியம் அனைத்தும் ஒரு மனிதனின் தலைக்குள் அடங்கும் என்ற காலம் இருந்தது. இன்றைய கருவிகள் ஆற்றல் மிக்கவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடிவரை போய்த் தொட்டுவிட்டு வரக்கூடிய ஒரு இயந்திரத்தையாவது பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூன் 8, ஞாயிறு

பழைய வகுப்புத் தோழன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் கையெழுத்தில் 'ரயில், கடைசி' என்று எழுதியிருக்கிறது. பள்ளியில் அவன் எழுதிய ரயில் விளையாட்டு. டேப்ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போட்டுப் பதிவு செய்தேன். முன்னோசை நீண்டு, பிறகு துண்டுதுண்டாகக் கரகரப்பு. ஒன்றைத் தவிர எல்லாத் துண்டுகளும் சரிபார்ப்பில் தேறின. ஹெட்டின் சாய்வுத் திருகை மெல்லத் திருப்பி, ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி மறுபடி ஓட்டியதும் அதுவும் வந்தது.

எலீட் எங்கும் போகாது. அதை உலகம் பாதுகாத்துக்கொள்ளும். நம் பள்ளிகளில் பிள்ளைகள் எழுதியவற்றுக்கு இந்தக் கேசட்டுகளைத் தவிர வேறு பிரதி இல்லை. உங்கள் வீட்டு அலமாரியிலோ பள்ளிக் கிட்டங்கியிலோ பிபிசி மைக்ரோ, ஸ்பெக்ட்ரம் போன்ற பழைய கணினிகளின் கேசட்டுகள் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். டேப்ரெக்கார்டரின் ஹெட்டை முதலில் துடையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் டபிள்யூஏவி கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எம்பி3 வேண்டாம், சுருக்கும்போது ஒலியின் வடிவத்தைக் கெடுத்துவிடும். யார் எழுதியது, எந்த ஆண்டு என்று தெரிந்தால் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு உதிர்கிறது; இந்த மாதமே செய்துவிடுங்கள்.